மெல்லிய உலோகப் படலமும் வீட்டுக்கு வராமல் போன தொலைக்காட்சியும்



இன்றைய உரை ஓர் உலோகப் பூச்சைப் பற்றியது. தலைமுடியை நெடுக்காக நூறு கூறாகப் பிளந்தால் ஒரு கூறு எவ்வளவு தடிமன் இருக்குமோ, அதைவிடவும் மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு ஒழுங்காக அமைந்திருந்தால் இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தொலைக்காட்சி வேறொரு வகையைச் சேர்ந்ததாக இருந்திருக்கலாம். அமெரிக்கா, பிரான்சு, ஜப்பான் ஆகிய நாடுகளில் பல நிறுவனங்கள் அதற்காக இருபது, முப்பது ஆண்டுகள் பாடுபட்டன. ஆய்வுக்கூடத்தில் அது வேலை செய்தது. கடைக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கண்ணாடித் திரை, பின்னால் பெருத்த முதுகு. வீடு மாறும்போது இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். அதனுள் இருந்ததுதான் பிக்சர் டியூப். சிரம்பானில் சாம்சுங் எஸ்டிஐ ஆலை அந்த டியூப்களைத்தான் தயாரித்து வந்தது. அதே ஆலை இன்று மின்கலம் செய்கிறது. டியூபின் கழுத்துப் பகுதியில் ஒரு சிறு உலோகத் துண்டு சூடாக்கப்படும். சூட்டில் எலெக்ட்ரான்கள் அதிலிருந்து வெளியே குதிக்கும். அவற்றை ஒரு கற்றையாகச் சேர்த்து, திரை முழுவதும் இடமும் வலமுமாக வீசி, ஒளிர்பொருள் பூசிய இடங்களில் படச் செய்வார்கள். ஒரே இடத்திலிருந்து திரை முழுவதையும் எட்ட வேண்டியிருந்ததால்தான் பெட்டிக்கு அவ்வளவு பெரிய முதுகு.

கழுத்தில் ஒரு துப்பாக்கி வைப்பதற்குப் பதிலாக, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு துப்பாக்கிகளை வைத்தால் என்ன? பெட்டி தட்டையாகிவிடும். படத்தின் ஒளியும் நிறமும் பழைய டியூபைப் போலவே இருக்கும். சூடேற்றும் வேலையும் இல்லாவிட்டால் மின்சாரமும் மிச்சம். இந்த எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

சூடேற்றாமல் உலோகத்திலிருந்து எலெக்ட்ரானை வெளியே கொண்டுவர முடியுமா? முடியும் என்பது பழைய செய்தி. 1897ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அதைக் கண்டு எழுதினார். 1928இல் இங்கிலாந்தில் ரால்ஃப் ஃபவுலரும் லோதர் நார்ட்ஹைமும் அதற்கான கணக்கைத் தந்தார்கள். உலோகத்தின் மேற்பரப்பு எலெக்ட்ரானுக்கு ஒரு மதிற்சுவர். சூடேறினால் எலெக்ட்ரான் சுவரைத் தாண்டிக் குதிக்கிறது. வெளியே மிக வலுவான மின்புலத்தை வைத்தாலோ, சுவர் மெலிந்துபோகிறது. எலெக்ட்ரான் சுவரைத் தாண்டாமல் ஊடுருவி வெளியே வந்துவிடுகிறது. இதற்குப் புல உமிழ்வு என்று பெயர்.

அதற்கு வேண்டிய மின்புலம் சாதாரணமானதல்ல. ஒரு நானோமீட்டர் தூரத்துக்குச் சில வோல்ட். அதாவது ஒரு மீட்டருக்குச் சில நூறு கோடி வோல்ட். அவ்வளவு பெரிய மின்னழுத்தத்தை யாரும் வீட்டில் வைக்க முடியாது. இடிதாங்கியின் தந்திரம் இங்கே கைகொடுக்கிறது. கூரான முனையில் மின்புலம் குவியும். முனை போதிய அளவு கூராக இருந்து, எதிர்த் தகடும் அருகில் இருந்தால் நூறு வோல்ட்டே போதும்.

இங்கேதான் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஃபவுலர், நார்ட்ஹைம் கணக்கு மிகச் செங்குத்தானது. சிறு மாற்றத்துக்கும் பெரிய விளைவு. மாலிப்டினம் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஓர் எலெக்ட்ரானை வெளியே இழுக்கச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 4.5 எலெக்ட்ரான் வோல்ட். மேற்பரப்பில் கொஞ்சம் ஆக்சிஜன் ஒட்டி, அந்த ஆற்றல் 5 ஆக உயர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் வெறும் அரைதான். ஆனால் நானோமீட்டருக்கு 4 வோல்ட் என்ற மின்புலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால், மின்னோட்டம் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முனை சற்று மழுங்கி அங்கே மின்புலம் 10 விழுக்காடு குறைந்தாலோ, ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. சம்பளத்தில் 10 விழுக்காடு வெட்டினால் குடும்பம் எப்படியோ சமாளித்துவிடும்; இங்கே அப்படிச் சமாளிக்க வழியில்லை.

ஆகவே உலோகத்தின் பெரும்பகுதி எப்படி இருக்கிறது என்பது கணக்கிலேயே வரவில்லை. முனையில் உட்கார்ந்திருக்கும் கடைசிச் சில அணு அடுக்குகள் எப்படி இருக்கின்றன என்பதுதான் கணக்கு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மென்லோ பார்க் நகரிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் கென்னத் ஷோல்டர்ஸ் என்பவர், வெற்றிடத்தில் இயங்கும் மிகச் சிறிய மின்னணுக் கருவிகளைப் பற்றி 1961இல் எழுதினார். அங்கேயே பணிபுரிந்த சார்ல்ஸ் ஸ்பிண்ட் அந்த எண்ணத்தைக் கையில் எடுத்தார். 1968இல் அவர் வெளியிட்ட செய்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தச் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிறகு எங்கே இடறியது என்பது விளங்கும்.

ஒரு சிலிக்கன் தட்டு. அதன்மேல் ஒரு மைக்ரான் அளவுக்கு மின்கடத்தாத ஆக்சைடு. அதற்கும் மேலே ஒரு மெல்லிய மாலிப்டினப் படலம். இதுதான் வாயில் தகடு. தகட்டில் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமுள்ள ஓட்டைகளைப் போட்டு, அவற்றின் வழியே ஆக்சைடையும் அரித்து எடுத்துக் குழிகளாக்குவார்கள். அடுத்து, தட்டைச் சுழற்றிக்கொண்டே, அலுமினியம் போன்ற ஒரு பொருளின் ஆவியைப் பக்கவாட்டில் மிகச் சாய்வாகப் படியச் செய்வார்கள். சாய்வாக வருவதால் அது குழியின் அடியில் விழாது. மேற்பரப்பிலும் ஓட்டையின் விளிம்பிலும் மட்டும் ஒட்டும். இது பிறகு உரித்தெடுப்பதற்கான அடுக்கு. கடைசியாக மாலிப்டின ஆவியை நேர் மேலிருந்து பொழியச் செய்வார்கள்.

இனி நடப்பதுதான் அழகு. சமையலறையில் ஒரு சிறு ஓட்டை வழியாக மாவைக் கீழே தூவுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தூவத் தூவ ஓட்டையின் விளிம்பிலும் மாவு ஒட்டி ஓட்டை சுருங்கிக்கொண்டே போகிறது. கீழே விழும் மாவின் வட்டமும் அடுக்குக்கு அடுக்கு சிறுத்துக்கொண்டே வருகிறது. ஓட்டை முற்றாக அடைபடும் அந்தக் கணத்தில் கீழே ஒரு கூர்மையான கூம்பு நிற்கிறது. உரித்தெடுக்கும் அடுக்கைக் கரைத்துவிட்டால் மேலே மூடியிருந்த மாலிப்டினப் படலம் கழன்று போகும். ஒவ்வொரு குழியிலும் ஒரு கூம்பு, தன் வாயிலின் நட்ட நடுவில். சீவுவதும் இல்லை, தீட்டுவதும் இல்லை. படலம் படியும்போதே கூர்முனை தானாக உருவாகிவிடுகிறது.

1976இல் ஸ்பிண்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முடிவுகள் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தன. கூம்பின் உயரம் ஒன்றரை மைக்ரான். முனையின் ஆரம் ஏறத்தாழ 50 நானோமீட்டர். 100 முதல் 300 வோல்ட்டில் ஒரு கூம்பிலிருந்து 50 முதல் 150 மைக்ரோ ஆம்பியர் வரை எடுக்க முடிந்தது. 100 கூம்புகள் கொண்ட ஒரு தொகுதி 7,000 மணி நேரத்துக்கும் மேலாக இயங்கியது. மின்னோட்டம் 10 விழுக்காடு அளவுக்கே குறைந்தது. மாலையில் செய்தியும் நாடகமுமாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பார்க்கும் குடும்பத்துக்கு அது நான்கு ஆண்டுக்கு வரும்.

அப்படியானால் தடை எது? அந்த அறிக்கையிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்தச் சோதனைகள் டார் என்ற அழுத்த அளவில் நூறு கோடியில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைந்த வெற்றிடத்தில் நடந்தவை. வெற்றிடம் ஆயிரம் மடங்கு தளர்ந்துவிட்டால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகள் வந்து விழுவதெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்தால், ஒரே விநாடியில் முனையை ஓர் அடுக்கு மூடிவிடும். ஆய்வுக்கூடத்தின் நல்ல வெற்றிடத்திலேயே அதற்குக் கால் மணி நேரம்தான். ஒரு தட்டைத் தொலைக்காட்சியின் உள்ளே, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் அளவே உள்ள இடைவெளியில், பல ஆண்டுகளுக்கு அந்த வெற்றிடத்தைக் காப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இடைவெளியில் சுவரும் தூணும் பூச்சும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

ஒளிர்பொருளும் எதிரியானது. பழைய டியூபில் பயன்பட்ட நல்ல நிறப் பொருள்கள் பல கந்தகச் சேர்மங்கள். எலெக்ட்ரான் மோத மோத அவை சிதைந்து, கந்தகம் பறந்து வந்து எதிரே நிற்கும் முனைகளில் ஒட்டியது. முனை மாசுபட்டது, மின்னோட்டம் இறங்கியது, படம் மங்கியது. தன் திரையே தன் துப்பாக்கிக்கு நஞ்சு வைத்த கதைதான். ஜப்பானின் ஃபுட்டாபா நிறுவனம் கந்தகம் இல்லாத துத்தநாக ஆக்சைடை வைத்துப் பச்சை நீலம் கலந்த ஒரே நிறத் திரைகளைச் செய்தது. அளவுமானிகளுக்கு அது போதும். தொலைக்காட்சிக்குப் போதாது.

இவை முனை உருவான பிறகு வரும் தொல்லைகள். உருவாகும்போதே வரும் தொல்லைகள் இன்னும் பெரியவை.

மாலிப்டினம் 2,623 பாகை செல்சியசில் உருகும் உலோகம். எலெக்ட்ரான் கற்றையால் தாக்கித்தான் அதை ஆவியாக்குவார்கள். அந்த ஆவி ஆறிப் படலமாகும்போது உள்ளுக்குள் ஓர் இழுவிசை தேங்குகிறது. ஈரச் சேறு காய்ந்து வெடிப்பதைப் போல. ஓட்டை அடைபடும் வரை படிய வேண்டியிருப்பதால் மேற்படலம் தடித்துக்கொண்டே போகும். தடிக்கத் தடிக்க இழுவிசையும் கூடும். ஓரிடத்தில் அது பாதியிலேயே உரிந்தால் அங்கே கூம்பு கெடும். உரிந்த சருகு குழிக்குள் விழுந்தால் கூம்புக்கும் வாயில் தகட்டுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். அங்கே மின்சாரம் குறுக்கே பாயும். தட்டின் வெப்பம், ஆவி படியும் வேகம், அப்போதுள்ள வெற்றிடம் ஆகிய மூன்றையும் பிடித்து வைத்தால்தான் படலம் கட்டுப்படும்.

அடுத்தது கோணம். ஆவி நேர் மேலிருந்து வந்தால் கூம்பு நேராக நிற்கும். விரல்நுனி அளவுத் தட்டில் இது பெரிய சிக்கல் இல்லை. ஓர் அடி, இரண்டு அடி அகலக் கண்ணாடியிலோ, நடுவில் நேராக விழும் ஆவி ஓரங்களில் சாய்வாக விழுகிறது. ஓரத்துக் கூம்புகள் சாய்ந்துபோகும். திரையின் நடுப்பகுதி வெளிச்சமாகவும் ஓரங்கள் வேறு மாதிரியும் தெரியும். இதைத் தவிர்க்க ஆவி மூலத்தை வெகு தூரம் தள்ளி வைக்க வேண்டும். வெற்றிடக் கலம் அறை அளவுக்குப் பெரிதாகும், உலோகத்தில் பெரும்பகுதி கலத்தின் சுவரில் படிந்து வீணாகும், இயந்திரத்தின் விலை ஏறும். நூறு கூம்புக்கு எளிதாக இருந்த தந்திரம் கோடிக் கணக்கில் போகும்போது கசந்தது.

எத்தனை கோடி? 640க்கு 480 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் 500 கூம்பு என்று வைத்தாலே 46 கோடிக் கூம்புகள். எல்லாம் ஒரே மாதிரி அமைவது நடவாத காரியம். சில முனைகள் மற்றவற்றைவிடக் கூராக இருக்கும். முன்பு சொன்ன செங்குத்துக் கணக்கின்படி அந்தச் சிலவே பெரும்பங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். சூடேறும், உருகும், ஆவியாகும், மின்பொறி பாயும். ஒரு கூம்பு வெடித்தால் அதன் வரிசையே இருண்டுவிடலாம்.

இந்த இடத்தில் பிரான்சு நல்லதொரு தீர்வைக் கொடுத்தது. கிரனோபிள் நகரின் லெட்டி ஆய்வகத்தில் ராபர்ட் மேயர் குழுவினர் 1980களின் நடுவில், கூம்புகளுக்கு அடியில் ஒரு சிலிக்கன் மென்படலத்தைச் சேர்த்தார்கள். அந்தப் படலம் மின்சாரத்தை எளிதில் விடாது. ஒரு முனை அளவுக்கு மிஞ்சி இழுக்கத் தொடங்கினால் அதன் அடியிலேயே மின்னழுத்தம் விழுந்து அதை அடக்கிவிடும். அடுக்குமாடி வீட்டில் ஒருவர் குழாயை முழுதும் திறந்தால் மற்றவர் வீட்டில் நீர் சொட்டும் அல்லவா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஒடுக்கு வைத்தால் எல்லாருக்கும் சமமாக வரும். இந்த ஏற்பாட்டை நம்பித்தான் 1992இல் பிக்ஸ்டெக் நிறுவனம் பிறந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், மோட்டரோலா, ரேதியோன், ஃபுட்டாபா ஆகியவை அதனுடன் கைகோத்தன. அமெரிக்காவில் கேண்டசென்ட் நிறுவனம் தனி வழியில் போய் 1998இல் சோனியுடன் இணைந்தது.

முனையைச் சீராக்கும் முயற்சிகளும் நிற்கவில்லை. ஹைட்ரஜன் வாயுவில் மின்னொளிர்வை உண்டாக்கி முனைகளைக் கழுவினால் உமிழ்வு மேம்படுகிறது என்று 1993இல் ஷ்வோபெலும் ஸ்பிண்டும் எழுதினார்கள். சிறு துடிப்புகளாக மிகுந்த மின்னோட்டத்தைப் பாய்ச்சி, முனை தன் சூட்டிலேயே தன்னை வழவழப்பாக்கிக்கொள்ளச் செய்யும் முறையும் வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் லின்ஃபீல்டு ஆய்வுக் கழகத்தார், மாலிப்டின முனைகள்மேல் ஜிர்கோனியம் கார்பைடு, ஹாஃப்னியம் கார்பைடு போன்றவற்றை மெல்லிய படலமாகப் பூசிக் குறைந்த மின்னழுத்தத்திலேயே உமிழச் செய்தார்கள். ஸ்பிண்டின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். 1968இல் செய்ததையே பல பத்தாண்டுகள் அதே ஆய்வகத்தில் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

ஜப்பானின் கேனன் வேறு வழியில் போனது. கூம்பே வேண்டாம் என்றது. 1986இல் ஆய்வைத் தொடங்கி, மிக மெல்லிய பலேடியம் ஆக்சைடு படலத்தை மை அச்சு முறையில் புள்ளி புள்ளியாக அச்சிட்டார்கள். அச்சுப்பொறிக் கம்பெனிக்குக் கைவந்த கலை அல்லவா! பிறகு அந்தப் படலத்தின் ஊடே மின்துடிப்புகளைச் செலுத்தி வேண்டுமென்றே அதை விரிசல்விடச் செய்தார்கள். விரிசலில் கரிம வாயுவிலிருந்து கார்பனைப் படியவைத்து இடைவெளியைச் சில நானோமீட்டராகச் சுருக்கினார்கள். ஏறத்தாழ இருபது வோல்ட்டிலேயே எலெக்ட்ரான்கள் அந்தப் பிளவைத் தாண்டின. மற்றவர்கள் படலத்தில் விரிசல் விழாமல் காக்கப் பாடுபட்டபோது, இவர்கள் விரிசலையே உமிழ்வானாக மாற்றினார்கள். இந்தக் கதையில் மிகத் துணிச்சலான யோசனை இதுதான் எனலாம்.

1999இல் தோஷிபா சேர்ந்தது. 2004இல் இருவரும் கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். 2006இல் கண்காட்சியில் 55 அங்குலத் திரை வைக்கப்பட்டது. கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். இதற்கிடையே டெக்சஸ் மாநிலத்தின் நானோ புரொப்ரைட்டரி நிறுவனம் காப்புரிமை உரிமம் குறித்து 2005இல் வழக்குத் தொடுத்தது. 2008இல் மேல்முறையீட்டில் கேனனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதற்குள் கடைகளில் எல்சிடி விலை விழுந்துகொண்டே இருந்தது. 2010இல் கேனன் வீட்டுத் தொலைக்காட்சித் திட்டத்தைக் கைவிட்டு அந்த நிறுவனத்தையும் கலைத்தது. கேண்டசென்ட் 2004இலேயே திவாலாகி அதன் உடைமைகளைக் கேனன் வாங்கியிருந்தது. பிக்ஸ்டெக் அதற்கும் முன்பே மறைந்தது. சோனியிலிருந்து 2006இல் பிரிந்து, ஒளிபரப்பு நிலையங்களுக்கான திரைகளைக் குறிவைத்த நிறுவனமும் 2009இல் மூடப்பட்டது.

எல்சிடியின் விலைதான் இவர்களை வீழ்த்தியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. எல்சிடி மலிவாவதற்கு முன்பே பத்துப் பதினைந்து ஆண்டு அவகாசம் இருந்தது. அந்த ஆண்டுகளைத் தின்றது படலம். கூம்பு வகையிலும் சரி, விரிசல் வகையிலும் சரி, உலோகம் படியும் அந்தச் சில நிமிடங்களையும் அதன்பின் முனையைத் தூய்மையாக வைத்திருக்கும் பல ஆயிரம் மணி நேரத்தையும் தொழிற்சாலை அளவில் கட்டுப்படுத்த முடியவில்லை. எல்சிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு வெற்றிடமே வேண்டாம்.

புல உமிழ்வு அதோடு ஓய்ந்துவிடவில்லை. கோடி முனைகள் தேவையில்லாத, ஒரே முனை போதும் என்ற இடத்தில் அது வென்றது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ரூ குளிர் டங்ஸ்டன் முனையைக் கொண்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கி செய்து, 1970இல் தனித்தனி அணுக்களைப் படம் பிடித்தார். அந்த முனையும் மாசுபடும். அவ்வப்போது ஒரு கணம் சூடேற்றி மாசை விரட்டினால் மறுபடி வேலை செய்யும். 46 கோடி முனைகளுக்கு அந்தச் சலுகையைத் தர முடியாது.

சில்லுத் தொழிலில் பழுது பார்க்கவும் அளவெடுக்கவும் பயன்படும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிகள் பலவற்றில் இன்று இருப்பது இன்னொரு வகை முனை. டங்ஸ்டன் ஊசியின் தண்டில், நுனிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சிட்டிகை ஜிர்கோனியம் ஆக்சைடை ஒட்டி வைத்திருப்பார்கள். ஏறத்தாழ 1,800 கெல்வின் சூட்டில் அது மெல்ல மெல்ல ஊர்ந்து நுனிக்கு வந்து ஓர் அணு அளவே தடித்த படலமாகப் படிகிறது. எலெக்ட்ரானை வெளியே இழுக்கும் ஆற்றல் 4.5இலிருந்து 2.9 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. நுனியிலிருந்து படலம் ஆவியாகிக் கழிந்தாலும், தண்டிலிருந்து புதிதாக ஊர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பும். தொலைக்காட்சிக்காரர்களுக்குக் கடைசி வரை கிட்டாத வசதி அது. தண்டில் இருக்கும் அந்தச் சிட்டிகை தீரும் வரை ஊசி வேலை செய்கிறது. தீர்ந்ததும் புது ஊசி மாற்றுகிறார்கள்.